புது மாஸ்க் வந்தது, பழைய குறட்டை திரும்பியது

கேள்வி:

டாக்டர், எனக்கு வயது 53. ஜொகூர் மாசாயில் குடும்பத்தோடு இருக்கிறேன். சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. இரவு பத்து மணிக்குப் படுப்பேன். விடிகாலை மூன்றரைக்கு எழுந்து, நாலேகாலுக்குள் மோட்டாரில் சிங்கப்பூர் எல்லைப் பாலத்துக்குக் கிளம்பிவிடுவேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு தூக்கப் பரிசோதனை செய்தபோது, மணிக்கு 41 தடவை மூச்சு அடைபடுவதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து சிபாப் மெஷின் போடுகிறேன். மூக்கை மட்டும் மூடும் மாஸ்க். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. வேலையில் தூங்கி விழுவது நின்றது. மனைவியும் நிம்மதியாகத் தூங்கினாள்.

போன மாதம் காற்று புஸ்ஸென்று ஒழுகும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மாஸ்க் வாங்கிய கடையில் சொன்னேன். "அண்ணே, நீங்க தூக்கத்துல வாயைத் திறக்குறீங்க. மூக்கும் வாயும் சேர்த்து மூடுற மாஸ்க்தான் உங்களுக்குச் சரி" என்று புதிதாக ஒன்றைக் கொடுத்தார்கள். அதிலிருந்து ஒரே தொல்லை. கண்ணில் காற்று அடிக்கிறது. இறுக்கிக் கட்டினால் மூக்குத் தண்டு சிவந்து புண்ணாகிறது. வயிறு உப்பி ஏப்பமாக வருகிறது. இரவு இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தால் மாஸ்க் தலையணைப் பக்கத்தில் கிடக்கிறது. எப்போது கழற்றினேன் என்றே தெரியவில்லை. மறுபடி மாட்டச் சோம்பலாக இருக்கிறது, அப்படியே தூங்கிவிடுகிறேன். குறட்டை திரும்பிவிட்டது என்கிறாள் மனைவி. மருத்துவமனையில் அடுத்த சந்திப்பு மூன்று மாதம் கழித்துத்தான். அதுவரை மெஷினை ஓரமாக வைத்துவிடலாமா? அல்லது இணையத்தில் விற்கிற தாடைப் பட்டையை வாங்கிக் கட்டிப் பார்க்கட்டுமா? எனக்குக் கொஞ்சம் பெரிய மீசை. அதனால் பிரச்சினை வருமா என்றும் சொல்லுங்கள்.

மாசாய் வாசகர்

பதில்:

ஐயா, மெஷினை ஓரமாக வைக்காதீர்கள். பழைய மாஸ்க் இன்னும் வீட்டில் இருந்தால், இன்றிரவே அதை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி மறுபடி மாட்டுங்கள். கொஞ்சம் ஒழுகினாலும் பரவாயில்லை. மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு அடைபட்டாலே கடுமையான ஸ்லீப் ஆப்னியா என்று கணக்கு. உங்களுடையது 41. சிபாப் இந்த நோயை வேரோடு எடுத்துவிடுவதில்லை. போட்டிருக்கும் நேரம் மட்டும் காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும். கழற்றியதும் தொண்டை பழையபடி ஒட்டிக்கொள்ளும். இரண்டு வருஷம் ஒழுங்காகப் போட்டவர் நிறுத்தினாலும் சில இரவுகளுக்குள் அடைப்பு திரும்பிவிடும். பின்னாலேயே பகல் தூக்கமும், காலையில் ஏறி நிற்கும் இரத்த அழுத்தமும் வந்துவிடும். நீங்களோ விடிகாலை நாலேகாலுக்கு இரண்டு சக்கரத்தில் ஏறுகிறவர்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது மூக்குப் புண் இல்லை, வயிற்று உப்புசமும் இல்லை. இரண்டு மணிக்கு விழித்து, மாஸ்க் கழன்று கிடப்பதைப் பார்த்தும் மாட்டாமல் தூங்கிவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒன்றரை மணி நேரம்தான். தூக்கம் இரவு முழுக்க ஒரே மாதிரி ஓடுவதில்லை. முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். விடியலை நெருங்க நெருங்கக் கனவுத் தூக்கம் நீளும். கனவுத் தூக்கத்தில் உடம்பின் தசைகள் துவண்டுவிடும், தொண்டைத் தசையும் சேர்ந்துதான். அதனால் பலருக்கு மூச்சு நீண்ட நேரம் அடைபடுவதும், இரத்தத்தில் ஆக்ஸிஜன் மிகவும் இறங்குவதும் அந்த வேளையில்தான். சரியாக அந்த நேரத்தில் உங்கள் மாஸ்க் தலையணைப் பக்கத்தில் கிடக்கிறது. அங்கிருந்து எழுந்து குளித்துவிட்டு, ஆயிரக்கணக்கான மோட்டார்களுக்கு நடுவே பாலத்தில் போய் நிற்கிறீர்கள்.

"ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் போட்டால் போதும்" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது அமெரிக்காவில் காப்புறுதிப் பணம் கொடுப்பதற்காக வைத்த கணக்கு. உடம்பு அந்தக் கணக்கைக் கேட்டு நடப்பதில்லை. 2016இல் சேவ் என்ற பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. 7 நாடுகளில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,717 பேரைச் சராசரியாக 3.7 வருஷம் கவனித்தார்கள். சிபாப் கொடுக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கப்படாதவர்களுக்கும் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ வித்தியாசம் தெரியவில்லை. இதை வைத்து "மெஷினால் பயனில்லை" என்று பேசியவர்கள் உண்டு. ஆனால் ஆய்வில் சிபாப் கொடுக்கப்பட்டவர்கள் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான் மாஸ்க் போட்டிருந்தார்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது அவர்களிடம் பக்கவாதம் குறைவாக இருந்தது. குறைந்த நேரம் போட்டவர்களுக்கும்கூடப் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. மாஸ்க் முகத்தில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் சேரும் என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. உங்களுக்குக் கிடைப்பதே மொத்தம் ஐந்தரை மணி நேரம். அதில் ஒன்றரையை விட்டுக்கொடுக்க உங்களுக்கு வசதி இல்லை. முடிந்தால் ஒன்பது மணிக்கே படுத்துவிடுங்கள் என்றும் சொல்வேன், எல்லையைக் கடந்து வேலைக்குப் போகிற குடும்பத்தில் அது எவ்வளவு சிரமம் என்று தெரிந்தேதான்.

இனி மாஸ்க்குக்கு வருவோம். கடைக்காரர் உங்கள் வாயைக் குற்றம் சொன்னதை நான் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு வருஷம் ஒழுகாத மாஸ்க் திடீரென்று ஒழுகினால், நான் முதலில் கேட்பது: "மெத்தையை எப்போது மாற்றினீர்கள்?" முகத்தில் படுகிற சிலிக்கோன் மெத்தையைத்தான் சொல்கிறேன். நம் ஊர் வியர்வையிலும் முக எண்ணெயிலும் தினமும் ஊறும் சிலிக்கோன் ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருஷம் தாங்கும். பிறகு மஞ்சளாகித் தளர்ந்துவிடும். விரலால் அழுத்திவிட்டால் பழைய வடிவத்துக்கு உடனே திரும்பாது. அந்த நிலைக்கு வந்திருந்தால், பெரும்பாலான மாஸ்க்குகளில் மெத்தையை மட்டும் தனியாக வாங்கி மாட்டலாம். புது மாஸ்க்கின் விலையில் ஒரு பங்குதான் ஆகும்.

வாயால்தான் காற்று போகிறதா என்று கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. காலையில் எழும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற அளவுக்கு வாய் காய்ந்திருக்கிறதா? மூக்கு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, விழித்திருக்கும்போதே வாயை லேசாகத் திறந்து பாருங்கள். தொண்டை வழியாகக் காற்று வாய்க்குள் பாய்ந்து வெளியேறும், அதன் சத்தம் தனி. உங்கள் மனைவி இரவில் கேட்டது அந்தச் சத்தமா, அல்லது கன்னத்தோரம் வந்த சீறலா என்று அவரையே கேளுங்கள். தூங்குகிறவருக்குத் தெரியாதது பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியும். மருத்துவரிடம் வரும்போது அவரையும் அழைத்து வாருங்கள்.

இந்தச் சிகிச்சையின் தொடக்கக் கதையே மாஸ்க்கோடு பட்ட பாடுதான். 1980 ஜூன் மாதம் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், தொண்டையில் துளையிடும் அறுவை சிகிச்சையை விரும்பாத ஒரு நோயாளியிடம் முதன்முதலாக இதைச் செய்து பார்த்தார். அன்றைக்கு இந்நோய்க்கு அந்த அறுவைதான் வழி. காற்றை ஊத, தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரே போதுமாக இருந்தது. மூக்கில் ஒழுகாமல் உட்காரும் மாஸ்க் எங்கும் கிடைக்கவில்லை. ஒவ்வொருவர் மூக்கையும் அச்செடுத்து மாஸ்க் வார்த்து, இரவுதோறும் சிலிக்கோன் பசையால் முகத்தில் ஒட்டினார்கள். காலையில் பிய்த்து எடுத்தார்கள். 1981இல் 'தி லான்செட்' இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றி அவர் எழுதியபோதுதான் உலகம் இதை அறிந்தது. மெஷின் அதற்குப் பிறகு சுருங்கிச் சுருங்கிக் கைப்பைக்குள் அடங்கிவிட்டது. முகத்துக்கும் மாஸ்க்குக்கும் நடுவிலுள்ள பிரச்சினை மட்டும் அன்று போலவே இன்றும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஆகவே உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் அதில் உங்கள் குறை எதுவும் இல்லை.

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முதலில் மூக்கு மாஸ்க்கோ மூக்குத் துவாரத்தில் பொருந்தும் மாஸ்க்கோ கொடுப்பதையே பரிந்துரைக்கிறது. மூக்கையும் வாயையும் மூடும் முழு மாஸ்க் அதற்கு அடுத்த இடத்தில்தான். காரணம் எளிது. மூக்கும் வாயும் சேர்ந்த பரப்பு பெரியது, அதனால் ஒழுக இடம் அதிகம். பட்டையை இறுக்கினால் மாஸ்க் கீழ்த்தாடையைப் பின்னோக்கித் தள்ளும். தாடை பின்னால் போனால் நாக்கும் பின்னால் போய்த் தொண்டை இன்னும் குறுகும். அதனால் சிலருக்கு முன்பிருந்ததைவிட அதிக அழுத்தம் தேவைப்படும். தானாக அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மெஷினாக இருந்தால், அது பாட்டுக்குக் கூட்டிக்கொண்டே போகும். அப்போது காற்று உணவுக்குழாயிலும் இறங்கி வயிறு உப்பும். உங்கள் ஏப்பம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். முழு மாஸ்க் இல்லாமல் முடியாதவர்கள் நிச்சயம் உண்டு. மூக்கின் நடுச்சுவர் மிகவும் வளைந்தவர்கள், மூக்கில் சதை வளர்ந்தவர்கள், என்ன செய்தும் வாய் மூடாதவர்கள். இரண்டு வருஷம் மூக்கு மாஸ்க்கில் நன்றாகத் தூங்கிய நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

உண்மையிலேயே வாய் திறப்பதாக இருந்தால், ஏன் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் மூக்கு அடைத்திருக்கும். ஜொகூர் ஈரப்பதத்தில் மெத்தை, தலையணையில் வாழும் தூசுப் பூச்சிகளுக்குக் கொண்டாட்டம். காலையில் தும்மல், மூக்கொழுகல், "எனக்கு சைனஸ்" என்று சொல்லிக்கொண்டே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நம்மில் ஏராளம். கொதித்து ஆறிய நீரில் உப்புக் கரைசல் தயாரித்து, படுக்குமுன் மூக்கைக் கழுவுங்கள். அது போதவில்லை என்றால், சுகாதார கிளினிக்கிலேயே ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான் எழுதித் தரக் கேளுங்கள். அது வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும். நடுவில் விட்டுவிடாதீர்கள். மருந்துக் கடையில் கேட்டவுடன் தருகிற, அடித்த நிமிஷமே மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்து வேறு வகை. சில நாளுக்கு மேல் போட்டால் அதுவே மூக்கை அடைக்கும்.

தாடைப் பட்டை வாங்க அவசரப்படாதீர்கள். மூக்கு திறந்திருந்து, தாடை மட்டும் தொங்குகிற சிலருக்கு அது உதவும். மூக்கடைப்பு உள்ளவருக்கு வாயையும் சேர்த்துக் கட்டுவது வதை. வாயில் ஒட்டும் டேப்பும் இப்போது விற்கிறார்கள். முழு மாஸ்க்குக்கு அடியில் அதை ஒட்டிக்கொள்வதை நான் ஒருபோதும் அனுமதிக்க மாட்டேன். தூக்கத்தில் வாந்தி வந்தால் ஆபத்து.

மெத்தை கிடைக்கும்வரை புது மாஸ்க்கில்தான் படுத்தாக வேண்டும் என்றால், அதைக் கண்ணாடி முன் நின்று மாட்டாதீர்கள். நிற்கும்போது இருக்கும் முகம் வேறு, படுத்ததும் சரியும் முகம் வேறு. மெஷினை ஓடவிட்டு, தூங்கும் அதே பக்கம் படுத்துக்கொண்டு, பட்டைகளை முழுக்கத் தளர்த்தி, மாஸ்க்கைக் கையால் முகத்தோடு பிடியுங்கள். கீழ்ப்பட்டைகளை இரண்டு பக்கமும் ஒரே அளவாக இழுத்துவிட்டு, பிறகு மேல்பட்டை. பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். ஓரத்தில் சீறினால் இறுக்காமல், மாஸ்க்கை முகத்திலிருந்து அரை அங்குலம் தூக்கிவிட்டு மறுபடி உட்கார வையுங்கள். மெத்தையின் உள்விளிம்பு மெல்லிய ஏடு. அது காற்றில் பூரி மாதிரி உப்பித்தான் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இறுக்க இறுக்க அந்த ஏடு மடங்கும், மடிப்பு வழியே ஒழுகும், ஒழுகுகிறதே என்று இன்னும் இறுக்குவோம். மூக்குத் தண்டுப் புண்கள் பெரும்பாலும் இப்படி வருவதுதான். மாஸ்க்கின் கீழ் விளிம்பு, கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். முகவாயைத் தாண்டி இறங்கினால், அல்லது மேல் விளிம்பு கண்ணருகே வந்தால், அளவு பெரிது. கண்ணில் காற்றடிக்கிறது என்கிறீர்கள், ஆகவே ஓர் அளவு சிறியதைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். புண் தோல் உரியும் நிலைக்கு வந்துவிட்டால் அந்த மாஸ்க்கை நிறுத்துங்கள். சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.

மாஸ்க்கின் முன்பக்கம் சின்னச் சின்னத் துளைகள் வழியாக எப்போதும் காற்று வரும். அது ஒழுகல் இல்லை. நாம் விடும் மூச்சு வெளியேறுகிற வழி அது. சத்தம் தாங்காமல் அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இன்னொன்று, பலரும் தவறவிடுவது. உங்கள் மெஷினின் அமைப்பில் மாஸ்க் வகை என்று ஓர் இடம் இருக்கலாம். மூக்கு என்றிருந்ததை முழு மாஸ்க் என்று மாற்றினார்களா? மாற்றாவிட்டால் சில மெஷின்கள் ஒழுகலையும் அழுத்தத்தையும் தவறாகக் கணக்கிடும். பழைய மாஸ்க்குக்குத் திரும்பும்போது இதையும் மூக்குக்கே திருப்பி வையுங்கள். அழுத்தத்தின் அளவை மட்டும் நீங்களாக மாற்ற வேண்டாம்.

மீசை விஷயம். மூக்கு மாஸ்க்கின் கீழ் விளிம்பு மேலுதட்டின்மேல், அதாவது மீசைமேல்தான் உட்காரும். இரண்டு வருஷம் பொருந்தியது என்றால் மீசை உங்களுக்கு எதிரி இல்லை. இந்த இடைவெளியில் அடர்த்தியாக வளர்த்திருந்தால் கொஞ்சம் கத்தரித்துவிடுங்கள், போதும். எடுக்க மனமில்லை என்றால், துவாரத்தில் பொருந்தும் மாஸ்க் மீசையைத் தொடவே தொடாது. படுக்குமுன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தலைக்குத் தேங்காயெண்ணெயும் மூக்கோரம் தைலமும் தடவிக்கொண்டு மாஸ்க் போட்டால் அது வழுக்கும், சிலிக்கோனும் சீக்கிரம் கெடும்.

எந்தப் புது மாஸ்க்கானாலும் பகலில் பழகுங்கள். மாலையில் டிவி பார்க்கும் அரை மணி நேரம் மெஷினோடு போட்டுக்கொண்டு உட்காருங்கள். மாஸ்க் என்றால் போராட்டம் என்று மூளை கற்றுக்கொண்டிருக்கிறது. அதனால்தான் தூக்கத்திலேயே உங்கள் கை அதைக் கழற்றுகிறது. அமைதியான நேரத்தில் போட்டுப் போட்டு, அந்தப் பாடத்தை மாற்ற வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இரவில் விழித்து அது கழன்று கிடந்தால் யோசிக்காமல் எடுத்து மாட்டுங்கள். சில மெஷின்களில் மாஸ்க் கழன்றால் எழுப்பும் ஒலி வைக்கலாம், கடையில் கேட்டுப் பாருங்கள்.

மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். மெஷினில் ஒவ்வோர் இரவின் கணக்கும் பதிவாகிறது: எத்தனை மணி நேரம், எவ்வளவு ஒழுகல், மணிக்கு எத்தனை அடைப்பு. அடைப்பு 5க்குக் கீழே இருந்தால் நல்லது. ரெஸ்மெட் நிறுவனத்தின் மெஷினாக இருந்தால் ஒழுகல் நிமிஷத்துக்கு 24 லிட்டரைத் தாண்டக்கூடாது. கைப்பேசிச் செயலியிலோ மெஷினின் அட்டையிலோ உள்ள அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போன் செய்து, "மாஸ்க் மாற்றியதிலிருந்து சிகிச்சை நடக்கவில்லை, நான் மோட்டார் ஓட்டுகிறவன்" என்று சொல்லி முன்கூட்டியே தேதி கேளுங்கள். அதுவரை, இரவில் மாஸ்க் சரியாக அமையாத நாளில் மோட்டாரை விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள்.

கேள்வி:

டாக்டர், என் அம்மாவுக்கு வயது 67. குளுவாங்கில் என்னோடு இருக்கிறார். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. போன வருஷம் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இப்போது தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறது என்று சிபாப் போடச் சொல்லியிருக்கிறார்கள். மெஷின் நாளை வீட்டுக்கு வருகிறது. "ஆக்ஸிஜன் வச்சுட்டாங்கன்னா இனி போறதுதானே" என்று அம்மா அழுகிறார். மூக்குத்தியைக் கழற்றவும் மாட்டேன் என்கிறார். மழைக் காலத்தில் வெள்ளம் வந்து மின்சாரம் போனால் என்ன செய்வது என்றும் பயமாக இருக்கிறது.

குளுவாங் வாசகி

பதில்:

முதலில் பேஸ்மேக்கர் விஷயம். நாளை பெட்டியைத் திறந்ததும், மாஸ்க்கின் பட்டைகள் காந்தத்தால் ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். மாட்டவும் கழற்றவும் சுலபம் என்று பல மாஸ்க்குகளில் காந்தக் கொக்கி வைத்திருக்கிறார்கள். அவை பேஸ்மேக்கர் போன்ற கருவிகளுக்கு அருகில் வந்தால் ஆபத்து என்று 2022இல் பிலிப்ஸ் நிறுவனமும் 2023இல் ரெஸ்மெட் நிறுவனமும் எச்சரிக்கை வெளியிட்டன. 15 சென்டிமீட்டருக்குள் வரக்கூடாது என்பது அந்த எச்சரிக்கை. புரண்டு படுக்கும்போது கழன்ற கொக்கி நெஞ்சருகே வரலாம். அதனால் அம்மாவுக்குக் காந்தமே இல்லாத மாஸ்க்தான் வேண்டும் என்று இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள். பக்கத்தில் படுப்பவருக்கு அத்தகைய கருவி இருந்தாலும் இதே விதிதான்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: அந்தக் குழாயில் ஆக்ஸிஜன் இல்லை. மெஷின், அறையில் இருக்கும் அதே காற்றை எடுத்துக் கொஞ்சம் அழுத்தத்தோடு தருகிறது, அவ்வளவுதான். சாகக் கிடப்பவர்களுக்கு வைப்பது இல்லை இது. வேலைக்குப் போகிறவர்களும் விமானம் ஏறுகிறவர்களும் போடுவது. அமெரிக்க அதிபராக இருந்த ஜோ பைடனின் கன்னத்தில் 2023 ஜூனில் பட்டைத் தடம் தெரிந்து செய்தியாளர்கள் கேட்டபோது, அவர் சிபாப் பயன்படுத்துகிறார் என்று வெள்ளை மாளிகையே சொன்னது. அந்தத் தடம் அம்மாவின் முகத்திலும் காலையில் தெரியும், கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும்.

நம் சமூகத்தில் இந்நோய் பலர் வீட்டில் பெயர் தெரியாமல் இருக்கிறது. 2019இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நீரிழிவு, உடல் எடை, இரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சடைப்பு எல்லாம் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு வருபவை. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இது கூடுகிறது. அவர்கள் குறட்டையைச் சொல்ல மாட்டார்கள். தலைவலி, அசதி, தூக்கம் வரவில்லை என்றுதான் சொல்வார்கள். அதனால் பிந்தித்தான் கண்டுபிடிக்கிறோம். அலட்சியமாக விடக்கூடிய நோயும் இல்லை இது. 'டிஸ்கோ டான்ஸர்' இந்திப் படத்துக்கு இசையமைத்த பப்பி லஹிரி 2022 பிப்ரவரி 15இல் மும்பையில் காலமானபோது, மருத்துவர்கள் சொன்ன காரணங்களில் இந்த நோயும் இருந்தது.

மூக்குத்தியைக் கழற்றச் சொல்லி அம்மாவோடு மல்லுக்கட்ட வேண்டாம். மூக்கை முழுதாக மூடும் மாஸ்க்கில் அது உள்ளே போய்விடும். துவாரத்தில் பொருந்தும் வகைதான் மூக்குத்தியில் உரசும். கொண்டையைப் பின்தலையில் போட்டால் பட்டை வழுக்கும். இரவில் தளர்வாகப் பின்னிப் பக்கவாட்டில் விடச் சொல்லுங்கள். மாஸ்க்கின் மெத்தையைத் தினமும் காலையில் மென்மையான சோப்பில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். குளோரோக்ஸ், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம்.

ஈரமூட்டும் தொட்டிக்கு காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்ட் வாட்டர்) ஊற்றுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும். தினமும் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். ஏர்கான் அறையில் குழாய்க்குள் நீர்த்துளி சேர்ந்து களகளவென்று சத்தம் வந்தால் ஈரப்பதத்தின் அளவைக் குறைத்து, குழாயைப் போர்வைக்கு அடியில் விடுங்கள். அம்மா மின்விசிறிதான் போடுவார் என்றால் மிகக் குறைந்த அளவே போதும், நம் ஊர்க் காற்றே ஈரம்தான்.

வெள்ளம் பற்றி நீங்கள் பயப்படுவது நியாயம். 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட், சிகாமட் பக்கம் மக்கள் எத்தனை நாள் நிவாரண மையங்களில் இருந்தார்கள் என்று ஜொகூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுப் பத்திரங்களும் மருந்தும் வைக்கும் பையிலேயே மெஷினுக்கும் இடம் வையுங்கள். தொட்டியில் தண்ணீரோடு தூக்க வேண்டாம், கவிழ்ந்தால் மெஷினுக்குள் போய்விடும். நிவாரண மையத்தில் பதிவு செய்யும்போதே மின்சாரப் பிளக்குக்கு அருகில் இடம் கேளுங்கள். மின்சாரம் இல்லாத இரவில் அம்மா மல்லாந்து படுக்காமல், தலையை உயர்த்தி ஒருக்களித்துப் படுக்கட்டும். மின்சாரம் நின்றால் மாஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும்.

முதல் பத்து நாள் நீங்கள் அம்மாவின் அறையிலேயே படுத்துக்கொள்ளுங்கள். இரவில் மாஸ்க் நழுவினால் அதட்டாமல், விளக்கைப் போடாமல், எடுத்து மாட்டிவிடுங்கள்.